பைக்குள் ஊதிய மூச்சு

வயிற்றுப்போக்கைப் பற்றியெல்லாம் யாராவது எழுதுவார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். யாரும் எழுதாததால்தான் இத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இப்போது என் உடம்பு நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நான் திருச்சுழியில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வாழ்க்கைப்பட்டது பக்கத்தில் ஒரு கிராமம். மிளகாயும் பருத்தியும் மழையை நம்பிப் போடுகிற ஊர். மாமியார் எனக்குப் புதியவர் இல்லை, என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கைதான். பெயர் சீனியம்மாள். நான் பிறந்ததிலிருந்து எனக்கு அவர் அத்தை.

எல்லாம் விஷக்காய்ச்சலில்தான் தொடங்கியது. டைபாய்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் உள்ளூர் டாக்டர், “குடல் புண்ணாயிருக்கும், கொஞ்ச நாளைக்குப் பாலும் ரொட்டியும் மட்டும் குடுங்க” என்றார். அத்தைக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்த பாலை நிறுத்தினார். காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு, நுரை அடங்கும் முன்னே என் கையில் இருக்கும். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே நிற்பார்.

காய்ச்சல் போய்விட்டது, வயிறு நிற்கவில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் உள்ளே உருளும், உப்பும், முறுக்கும், பிறகு ஓட வேண்டும். அலுவலகக் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி அதிகாரியின் மேஜையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் போய் நின்று கை நீட்ட வேண்டும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நகர்த்துவார். அந்த மரியாதைதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பஸ் பயணம் அதைவிட மோசம். வழியில் எந்த இடத்தில் மறைவு இருக்கிறது, எந்த இடத்தில் வெறும் பொட்டல் என்பது எனக்கு மனப்பாடம். பஸ் பொட்டலில் போகும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் வேலைக்குப் போவதையே நிறுத்தினேன். வீடு, கொல்லை, வீடு என்று என் உலகம் சுருங்கிப்போனது.

உடம்பு இளைக்க இளைக்கப் பாலைக் கூட்டினார்கள். ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. என் இரண்டு வயது மகளை இடுப்பில் தூக்க முடியவில்லை.

அருப்புக்கோட்டையை ஒட்டிய என் பிறந்த ஊரான பாளையம்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், “எதைத் தின்னா இப்படி வருது?” என்று கேட்டாள்.

“எதைத் தின்னாலும் வருதும்மா. பால் குடிச்சா ரொம்ப வருது.”

“பாலை யாரு குடுக்குறது?”

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் மருந்து வைப்பது. வேண்டாதவர்கள் சோற்றிலோ பாலிலோ ஏதோ ஒன்றைக் கலந்து கொடுத்துவிடுவார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்று நம்பிக்கை. அதை வாந்தியாக வெளியே எடுக்கிற வைத்தியர்களும் உண்டு. முதல் பிள்ளை பெண்ணாகிவிட்டதால் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்க அத்தை வழி செய்கிறார் என்று அம்மா தனக்குள் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டாள்.

“அம்மா, அவுக என்னைத் தூக்கி வளர்த்தவுக. வாயைக் கழுவு.”

“வளர்த்தவுகதாண்டி வைப்பாக. அந்நியத்தி எப்படி வைப்பா?”

நான் நம்பவில்லை. ஆனால் என் வயிறு அம்மாவின் கட்சியில் இருந்தது. அத்தை பாலைக் கொடுத்த அரை மணியில் அது அம்மா சொன்னதற்குச் சாட்சி சொன்னது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவது, அங்கேயும் சரியாகாவிட்டால் என்னையும் குழந்தையையும் பாளையம்பட்டிக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அம்மா முடிவெடுத்தாள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். கூட்டிக்கொண்டு போவது என்றால் சும்மா ஓய்வுக்கு இல்லை, அறுத்துக்கொண்டு வருவதற்கு. என் வாழ்க்கையும், அப்பாவுக்கும் தங்கைக்கும் இருந்த உறவும் என் குடலில் வந்து மாட்டிக்கொண்டன. இது எதுவும் தெரியாமல் அத்தை எனக்காகத் துணிப்பை தைத்து, தலையணை உறை துவைத்து, ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாகக் கிளம்பி நின்றார். வீட்டுக்காரர் ஆடுகளை விற்றுவிட்டு வந்தார். எல்லாமா என்று கேட்டேன். “குட்டி இருக்குல்ல, வளந்துரும்” என்றார். குழந்தையை வைத்துக்கொண்டு அவர் ஊரில் இருந்துவிட, எனக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் அம்மாவும் அத்தையும் தங்கினார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் நான்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி வியாதி. மலம் கொடு, ரத்தம் கொடு, நாளைக்கு வா. சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்கவைத்து அது குடலில் இறங்க இறங்கப் படம் எடுத்தார்கள். அதற்குப் பேரியம் எக்ஸ்ரே என்று பெயர். காசநோய் குடலில் வந்தாலும் இப்படித்தான் இளைக்கும், புற்று வந்தாலும் இப்படித்தான் என்று டாக்டர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். டைப்பிஸ்டுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியாதா? பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு வயிற்றில் கட்டி. ஒரு நாள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கட்டில் காலியாகத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகள் என் முகத்தை மறந்துவிடுவாளோ என்று போர்வைக்குள் அழுதேன். நான் அழுகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். அதனால் அழக்கூட இடமில்லை.

பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. வார்டிலும் பாலும் ரொட்டியும்தான் கொடுத்தார்கள், வயிறு அங்கேயும் ஓடியது. “இங்க குடுக்குற பாலுலயும் அத்தையா வச்சாக?” என்று அம்மாவின் காதில் கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். “உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு, அது பாலைக் கண்டாலே கொதிக்கும்.” என்ன சொன்னாலும் வெளியே வர முடியாத பேச்சு. தப்பித்துப் போக ஒரு சந்துகூட விட்டுவைக்கவில்லை.

ஒரு நாள் வயிற்று நோய் டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காய்ச்சலுக்குப் பிறகு என்னென்ன சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்டார். பால் ரொட்டி, பால், மறுபடியும் பால் என்று ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கு ஒரு டெஸ்ட். ஊசி கிடையாது, குழாய் கிடையாது. ஊதினால் போதும்” என்றார். ராத்திரி வெறும் சோறும் ரசமும் மட்டும், பருப்பு கூடாது. காலையில் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும்.

காலையில் அத்தை குழாயடிக்குப் போனதும் அம்மா மடியிலிருந்து ஒரு டானிக் பாட்டிலை எடுத்தாள். அதில் பச்சையாக ஏதோ கொழகொழவென்று இருந்தது. மருந்து எடுக்கிற வைத்தியர் தந்தது, பச்சிலைச் சாறு, தேன் நிறைய விட்டது. அவரும் வெறும் வயிற்றில்தான் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். ஆஸ்பத்திரிக்காரர்களே வெறும் வயிறாக இருக்கச் சொன்னது அம்மாவுக்குத் தோதாகப் போய்விட்டது.

“அம்மா, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னாங்க.”

“இது சாப்பாடாடி? மருந்துக்கு ஏது விரதம்? வாயைத் தெற.”

எதிர்க்கத் தெம்பில்லை. குடித்தேன். வாந்தி வரவில்லை, தேன் மட்டும் நாக்கில் இனித்தது.

பரிசோதனை அறை ஒரு வராந்தாவின் கடைசியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது கிரேஸ் என்ற பெண். நான் அருப்புக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அவள் வீடும் அங்கேதான், சர்ச்சுக்குப் பின்னால். சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு சிலிண்டர் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. மேஜை மேல் அடுப்புப் பெட்டி மாதிரி ஒரு மெஷின், பக்கத்தில் காகிதச் சுருளும் அதன்மேல் ஒரு பேனா முள்ளும். கேஸ் குரோமட்டோகிராப் என்றாள். என்னை விட்டால் எல்லாவற்றையும் விளக்கச் சொல்லிக் கேட்பேன், அவளும் சலிக்காமல் சொன்னாள்.

நான் ரப்பர் பைக்குள் ஊத வேண்டும். முதல் மூச்சு வாயில் இருக்கிற வெறும் காற்று, அதை விட்டுவிட்டு, தம் கட்டி வெளியே தள்ளுகிற கடைசி மூச்சைத்தான் பிடிப்பார்கள். அதை ஊசிக்குழலில் உறிஞ்சி மெஷினின் ஓட்டையில் செலுத்துவாள். உள்ளே பொடி அடைத்த ஒரு நீளமான மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கிறது. சிலிண்டர் வாயு மூச்சை அதன் வழியே தள்ளிக்கொண்டு போகும். சந்தைக்குப் புறப்பட்ட கூட்டம் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் சிறுசுகள் முந்திக்கொண்டு வந்துவிடும் இல்லையா, அதுபோல மூச்சில் இருக்கிற வாயுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்துக்கு மறுமுனைக்கு வரும். ஹைட்ரஜன் முந்தி வரும். வரும்போது பேனா முள் எழும்பிக் காகிதத்தில் ஒரு குன்று வரையும். குன்று எவ்வளவு உயரமோ அவ்வளவு வாயு. பத்து லட்சம் பங்கு மூச்சில் ஒரு சில பங்கு இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

“ஹைட்ரஜன் எதுக்கு வயித்துக்குள்ள வருது?” என்றேன்.

“நம்ம உடம்பு அதைத் தயாரிக்காதுக்கா. பெருங்குடல்ல இருக்குற கிருமிதான் தயாரிக்கும். பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. சிறுகுடல் அதைச் செரிக்கலைன்னா அப்படியே கீழ போகும். கிருமிக்குக் கறி விருந்து. அதுக தின்னுட்டு விடுற வாயு ரத்தத்துல ஏறி மூச்சுல வந்துரும். நீங்க பால் சர்க்கரையைக் குடிச்ச பெறகு குன்னு உசந்துச்சுன்னா, பால் ஒங்களுக்கு ஆகலைன்னு அர்த்தம்.”

குடிப்பதற்கு முன் ஒரு தடவை ஊதச் சொன்னாள். வெறும் வயிற்றில் குன்று எழும்பவே கூடாது. எழும்பியது. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். மறுபடியும் எழும்பியது. என்னைப் பார்த்தாள்.

“அக்கா, காலையில என்ன குடிச்சீங்க?”

“தண்ணிதான்” என்று வாசலில் நின்ற அம்மா எனக்கு முன்னால் சொன்னாள்.

“தண்ணிக்கு இப்படி வராதும்மா. ஏதோ இனிப்பு உள்ள போயிருக்கு.”

கிரேஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை, சும்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். சும்மா நின்றதில் உடைந்துவிட்டாள். பாட்டில், வைத்தியர், தேன், எல்லாம் வெளியே வந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

“என் பிள்ளைக்கு மருந்து வச்சுட்டாக டாக்டரய்யா. பால்ல கலந்து குடுத்துட்டாக.”

அத்தை கையில் வெந்நீர் கூஜாவோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

எனக்குப் போவதற்கு ஒரு இடமும் இல்லை, கையில் அந்த ரப்பர் பை வேறு. அத்தை கூஜாவைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

“யாரு வச்சதுன்னு சொல்றீக மதினி?”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்க வீட்டுல பால் குடுக்குறது நான் ஒருத்திதான்” என்றார் அத்தை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். “அய்யா, என் மருமக குடிக்கப்போற அந்தத் தண்ணியை எங்க மதினியே கலக்கட்டும். நான் கிட்டக்கூட வரலை. மருமக மட்டும் குடிக்கக் கூடாது. எங்க மதினியும் குடிக்கணும், நானும் குடிக்கணும். மூணு பேரும் ஊதுறோம். யாரு வயித்துல மருந்து இருக்குன்னு இந்த மெசினு சொல்லட்டும்.”

கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். டாக்டருக்கு அது வேறு விதமாகப் பிடித்துப்போயிற்று. ஒரே குடும்பத்தில் யாருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது, யாருக்கு இல்லை என்று அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாராம். நாள் குறித்தார். அதுவரைக்கும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என் முதுகு யார் பக்கம் திரும்புகிறதோ அவருக்குக் கோபம் வருமோ என்று மல்லாந்தே படுத்திருந்தேன்.

அந்தக் காலையில் மூன்று பேருமே உண்மையாக வெறும் வயிறு. முதல் ஊதலில் மூன்று காகிதத்திலும் முள் எழும்பவில்லை. அம்மா பால் சர்க்கரை இருந்த புது டப்பாவின் மூடியைத் தானே திறந்தாள். தானே மோந்து பார்த்தாள். தண்ணீரை ஊற்றித் தானே கலக்கினாள். வெள்ளைத் தண்ணீர், லேசான இனிப்பு. அத்தை வராந்தாவின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டார், கூப்பிட்ட பிறகுதான் வந்தார். மூன்று டம்ளர், மூன்று பேரும் குடித்தோம்.

பிறகு அரை மணிக்கு ஒரு தரம் ஊதல். குடித்த பிறகான முதல் ஊதலில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் என் முள் அசைந்தது. அதற்கடுத்ததில் குன்று எழுந்தது, பிறகு மலையானது. வயிறு உப்பி முறுக்கியது. இரண்டு தடவை ஓடிவிட்டு வந்து ஊதினேன். வலியிலும் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் யாராலும் சொல்ல முடியாததை அந்த முள் கோடு போட்டுக் காட்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது.

அத்தையின் காகிதம் கடைசி வரைக்கும் படுத்தே கிடந்தது. அவர் பிறந்ததிலிருந்து பால் குடித்துச் செரித்த உடம்பு. அதனால்தான் பாலைப் போல மருந்து இல்லை என்று அத்தனை நம்பிக்கை.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வயிறு உருளுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கிரேஸ் அவள் மூச்சை மெஷினில் ஏற்றினாள். முள் எழுந்தது. அடுத்த தடவை என்னுடைய குன்றுக்குக் குறையாத குன்று. அம்மா சட்டென்று எழுந்து, “கக்கூஸு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கிரேஸ் அவளை உட்காரவைத்து, பெரியவர்களாக ஆக ஆக நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் குடலில் பால் செரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்றும், தாயிடமிருந்து மகளுக்கு அது வந்திருக்கும் என்றும், காய்ச்சல் என் குடலை அரித்துவிட்டதால் எனக்கு அதிகமாகத் தெரிந்திருக்கிறது என்றும் சொன்னாள். நினைத்துப்பார்த்தேன். பாளையம்பட்டி வீட்டில் பால் என்றால் வரக்காப்பி நிறம் மாறுகிற அளவுதான். அதற்கு மேல் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

அத்தை அம்மாவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மதினி, ஒங்களுக்கு யாரு வச்சது?”

அம்மா குலுங்கி அழுதாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “சீனி, என்னை மன்னிச்சிரு தாயி. பிள்ளை உருகுறதைப் பாக்க முடியலை. இப்பத் தெரிஞ்சுபோச்சு” என்றாள்.

அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை. “தெரிஞ்சுபோச்சு. மெசினு சொல்லித் தெரிஞ்சுபோச்சு” என்றார். “மெசினு இல்லாட்டி?”



பாலை நிறுத்தினார்கள். சோறும் ரசமும், பிறகு குழைந்த பருப்பு, பிறகு கம்பங்களி என்று ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். தயிரும் மோரும் அளவாகக் குடிக்கலாம், அதில் அந்தச் சர்க்கரை குறைவு என்று டாக்டர் சொன்னார். ஓட்டம் சில நாளிலேயே நின்றது, உடம்பு தேறத்தான் நாளாயிற்று. வீட்டுக்காரர் குழந்தையோடு வந்து கூட்டிக்கொண்டு போனார். பாளையம்பட்டிக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு. பஸ் பொட்டலில் போகும்போது நான் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போன அன்று அத்தை எனக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். வட்டிலை என் பக்கம் நகர்த்தவில்லை. அதிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பிசைந்து, நான் பார்க்கப் பார்க்கத் தான் தின்று விழுங்கினார். அப்புறம்தான் தள்ளி வைத்தார்.

“எதுக்கு அத்தை இது?”

“சாப்பிடு தாயி.”

வருஷங்கள் போய்விட்டன. இரண்டாவது பிள்ளையும் பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. அம்மா வந்தால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளுகிறார்கள். இதை நிறுத்தச் சொல்லி நானும் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தும் பார்த்தேன். இன்று மத்தியானம்கூட என் வட்டிலில் முதல் வாயை அத்தைதான் தின்றார்.